தகட்டில் நகையும் மேசைப் பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பு, பித்தளை, அலுமினியத் தகடுகளை வீட்டிலேயே வெட்டி, தட்டி, ராவி, காதணியோ காப்போ டம்ளர் வைக்கிற தட்டோ செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். தனிப் பட்டறை தேவையில்லை. ஒரு உறுதியான மேசையும், தட்டும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை நெருப்பே இல்லாமல், அல்லது கையடக்க டார்ச் ஒன்றை மட்டும் வைத்துச் செய்யக்கூடியவை.

முதலில் எந்த உலோகத்தில் கை வைப்பது?

செம்பில். வளைக்கச் சொன்னால் வளையும், தட்டினால் பரவும், சூடு காட்டினால் மறுபடி இளகிக் கொடுக்கும். கற்றுக்கொள்பவருக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற உலோகம் வேறு இல்லை. பித்தளை கொஞ்சம் விறைப்பு. அதனால் காப்பு, பின் மாதிரி வளைவை விடாமல் நிற்க வேண்டிய பொருளுக்கு நல்லது. அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் சாதாரணப் பற்றவைப்பு அதில் ஒட்டாது. ரிவெட் ஆணி அடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

எவர்சில்வர் தகட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கைக்கருவிகளுக்கு அது சுலபத்தில் மசியாது. வெள்ளி வேண்டும் என்று ஆசை இருந்தால், அதே வடிவத்தை முதலில் செம்பில் செய்து பார்த்துவிட்டு வெள்ளிக்குப் போகலாம். இரண்டும் கைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகட்டை, அதாவது ஜிஐ தகட்டை, வெட்டலாம், வளைக்கலாம். நெருப்பில் மட்டும் காட்டவே கூடாது. துத்தநாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

எத்தனை கேஜ் வாங்க வேண்டும்?

கேஜ் என்கிற கன எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் பிரிட்டிஷ் கேஜ். இணையத்தில் பார்க்கிற நகை வீடியோக்களில் வருவது அமெரிக்க கேஜ். இரண்டிலும் எண் ஒன்று, கனம் வேறு. 20 கேஜ் என்றால் பிரிட்டிஷ் கேஜில் 0.91 மி.மீ., அமெரிக்க கேஜில் 0.81 மி.மீ. 18 கேஜ் என்றால் 1.22, 1.02. கையில் எடுத்தால் பெரிதாகத் தெரியாத வித்தியாசம், வளைக்கும்போது நன்றாகவே தெரியும்.

காதணிக்கு 0.5 மி.மீ. போதும். மோதிரம், காப்பு, கோஸ்டர், சிறு கிண்ணம் எல்லாவற்றுக்கும் 1 மி.மீ. இந்த இரண்டு கனம் கையில் இருந்தால் தொடக்க வேலை எல்லாம் முடிந்துவிடும்.

கடையில் என்ன சொல்லி வாங்குவது? எவ்வளவு ஆகும்?

தகடு எடை போட்டு விற்கப்படுவது. அன்றைய கிலோ விலையை மட்டும் கேட்டுக்கொண்டால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு அடிக்கு ஒரு அடி, 1 மி.மீ. செம்புத் தகடு ஏறத்தாழ 830 கிராம். அதே அளவு பித்தளை 790 கிராம். அலுமினியம் வெறும் 250 கிராம். கனம் பாதியானால் எடையும் பாதி. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் உலோகக் கடைகளில் விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் பாத்திரப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் எங்கே வாங்குகிறார்கள் என்று சொல்வார்கள். அவர்களிடமே வெட்டுத் துண்டுகள் கிடந்தால் இன்னும் நல்லது. காதணிக்கு முழுத் தகடு எதற்கு?

என்னென்ன கருவிகள் கட்டாயம் வேண்டும்?

தகரக் கத்தரி ஒன்று. தட்டை அரம், அரைவட்ட அரம், கூடவே ஒரு செட் ஊசி அரம். கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், ஒன்று. ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமாக உள்ள சுத்தியல் ஒன்று. இரண்டு குறடு, அதில் ஒன்று மூக்கு உருண்டையானது. சென்டர் பஞ்ச், சின்னத் துளைக்கருவி, காம்பஸ், இரும்பு அளவுகோல். உப்புத்தாள் 220, 400, 800 நம்பர்களில். கண்ணாடி, அதாவது கண்ணுக்குப் பாதுகாப்பாகப் போடுவது. இதை வாங்காமல் மற்றதை வாங்க வேண்டாம்.

தகட்டை வைத்துத் தட்டும் அடிக்கல்லுக்குப் பழைய இரும்புக் கடையில் 20 மி.மீ. கனத்தில் ஒரு கட்டித் துண்டு எடுத்து, மேல்முகத்தை உப்புத்தாளால் வழவழவென்று ஆக்கிக்கொள்ளுங்கள். வட்டமாக வளைப்பதற்கு இரும்புக் குழாய்த் துண்டு, பூரிக்கட்டை என்று வீட்டில் கிடப்பதே போதும். குழிவாகத் தட்டுவதற்குப் புளியமரக் கட்டையில் ஒரு கை அகலக் குழி குடைந்துகொள்ளலாம். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியமரத்தைத் தேர்ந்தெடுப்பது அது அடி தாங்குவதால்தான்.

சுத்தியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் முகத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் தகட்டில் அப்படியே பதியும். புதுச் சுத்தியல் வாங்கியதும் முகத்தை 400, 800 நம்பர் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அந்தச் சுத்தியலால் ஆணி அடிக்கக் கூடாது, வீட்டில் வேறு யாரையும் அடிக்க விடவும் கூடாது.

கத்தரியால் வெட்டினால் தகடு நெளிகிறதே?

நெளியத்தான் செய்யும். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். கத்தரி வாயை முழுக்க மூடாமல், முக்கால் அளவு மூடி முன்னே நகர்த்துங்கள். முழுக்க மூடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பல் விழும். வெட்டி முடித்ததும் மரத்தின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் நெளிவு போய்விடும். மீதி 2 மி.மீ.யை அரத்தால் ராவிக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

உள்பக்கத்தில் பூ, இலை என்று வெட்ட வேண்டுமானால் கத்தரி உதவாது. நகை ஆசாரிகள் பிடிக்கும் வில் ரம்பம் தேவை. பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழே பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் இழுக்கும்போதுதான் வெட்டும். மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காமல் ஓடும். திருப்பத்தில் அவசரமாகத் திருப்பாதீர்கள். ரம்பத்தை நின்ற இடத்திலேயே மேலும் கீழுமாக ஓட்டியபடி தகட்டை மெல்லத் திருப்புங்கள். பிளேடு உடைவதில் பாதி அந்த இடத்தில்தான்.

தட்டத் தட்டத் தகடு விறைத்துக்கொண்டு வளைய மறுக்கிறது. ஏன்?

இந்த வேலையின் உயிரே இந்தக் கேள்விதான். உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நீங்கள் தட்டும்போது அந்த அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன, அதனால்தான் வடிவம் மாறுகிறது. போகப் போக வழுக்குவதற்கு இடமில்லாமல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. தகடு இறுகிவிடுகிறது. அதற்கு மேலும் வம்பாகத் தட்டினால் ஓரத்தில் வெடிப்பு விடும்.

இறுகிவிட்டதா என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். இளகிய செம்பைக் கட்டையின் மேல் வைத்துத் தட்டினால் ‘தொப்’பென்று அடங்கிய சத்தம் வரும். இறுக இறுக அது ‘டிங்’ என்று மணிச் சத்தமாக மாறும். சுத்தியலும் துள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுச் சூடு காட்டுங்கள்.

செம்பை மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்க வேண்டும். வெயிலில் செய்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் தேவைக்கு மேல் சூடேறிவிடும். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். செம்பை உடனே தண்ணீரில் போடலாம், ஒன்றும் ஆகாது. பித்தளையில் அந்த அவசரம் கூடாது. சிவப்பு மறைந்து கருத்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. அலுமினியம் சிவக்கவே சிவக்காது. 660 டிகிரியில் முன்னறிவிப்பில்லாமல் உருகி விழும். அதற்கு முன்னால் அதன் மேல் சோப்பால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு சூடாக்குங்கள். கோடு பழுப்பேறிக் கருத்ததும் நிறுத்திவிட வேண்டும்.

0.5 மி.மீ. சின்னத் துண்டுகளுக்குக் கையடக்க கேஸ் டார்ச்சே போதும். செங்கல்லின் மேல் வைத்துச் சூடாக்குங்கள். சமையல் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம். நைலான், பாலியஸ்டர் துணி உடுத்திக்கொண்டு டார்ச்சைத் தொடாதீர்கள், பருத்திதான். துப்பட்டாவையும் முடியையும் கட்டிக்கொள்ளுங்கள்.

சூடு காட்டியதும் கறுப்பாகிவிட்டதே?

அது ஆக்சைடு. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கிற சிட்ரிக் அமிலத்தைச் சூடான தண்ணீரில் கரைத்து, அதில் போட்டு வையுங்கள். புளிக்கரைசலும் செய்யும், நேரம்தான் கூடுதலாகும். பொருளை எடுக்க இரும்பு இடுக்கியை உள்ளே விடாதீர்கள். இரும்பு பட்டால் கரைசலில் இருக்கிற செம்பு உங்கள் பொருளின் மேல் படியும். மூங்கில் குச்சியோ செம்புக் கம்பியோ போதும். பித்தளை சில நேரம் இளஞ்சிவப்பாக வெளியே வரும். மேலாகப் படிந்த செம்புதான் அது, மெல்லிய நாரால் தேய்த்தால் போய்விடும்.

கடையில் வாங்கினது மாதிரி ஏன் வரவில்லை?

ஓரத்தைப் பாருங்கள். கையால் செய்த பொருளில் சுத்தியல் தடம் இருக்கலாம், வடிவம் கொஞ்சம் கோணலாகவும் இருக்கலாம், அதெல்லாம் அழகுதான். ஓரம் மட்டும் கூராகவும் பிசிறோடும் இருந்தால் என்ன செய்தும் அது அரைகுறையாகத்தான் தெரியும். காதிலும் மணிக்கட்டிலும் கிழிக்கும், மேசையில் கோடு போடும்.

முதலில் தட்டை அரத்தால் ஒரே திசையில் தள்ளி ராவுங்கள். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். அப்புறம் ஓரத்தின் மேல், கீழ் முனைகள் இரண்டையும் 45 டிகிரியில் லேசாகச் சரித்து எடுங்கள். பிறகு 220, 400, 800 தாள்கள், அந்த வரிசையில். 400 நம்பர் தாளால் தேய்க்கும்போது முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல் போய்விட்டதா என்பது தெளிவாகத் தெரியும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் சுற்றி வாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடி அரம். செய்யும் நேரத்தில் பாதி ஓரத்துக்கே போனாலும் அது வீண் இல்லை. நான் யாருடைய வேலையைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைத்தான் தடவிப் பார்ப்பேன்.

காதணி கனக்கிறது. என்ன செய்யலாம்?

வெட்டுவதற்கு முன்பே எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். பரப்பளவை ச.செ.மீ.யில் எடுத்து, கனத்தை செ.மீ.யில் பெருக்கி, செம்பென்றால் 8.96ஆலும் அலுமினியமென்றால் 2.7ஆலும் பெருக்குங்கள். 30 மி.மீ. வட்டத்தில் 1 மி.மீ. செம்பு 6.3 கிராம் வரும். நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள முடியாது. அதே வட்டம் 0.5 மி.மீ.யில் 3.2 கிராம், தாராளமாகப் போடலாம். மெல்லிய தகடு தொளதொளவென்று இருக்குமே என்றால், குழிக்கட்டையில் வைத்து லேசாகக் குழித்துவிடுங்கள். குழித்த தகடு தட்டையாக இருப்பதைவிடப் பல மடங்கு விறைப்பாக நிற்கும்.

துளை போடுவதற்கு முன்னால் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்துங்கள், இல்லையென்றால் துளைக்கருவி வழுக்கும். தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடக் கூடாது. கருவி சிக்கினால் தகடு விசிறியாகச் சுழன்று விரலை வெட்டும். மரத்தோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

மோதிரம், காப்பு அளவு எப்படி எடுப்பது?

மோதிரத்துக்கு விரலைச் சுற்றி ஒரு தாள் கீற்றைப் போட்டு அளவெடுங்கள். அதோடு தகட்டின் கனத்தை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். விரல் சுற்று 54 மி.மீ., தகடு 1 மி.மீ. என்றால் வெட்ட வேண்டியது 57 மி.மீ. கனத்தைக் கூட்டாமல் வெட்டுவதால்தான் மோதிரம் விரலில் ஏறுவதில்லை. பட்டை 8 மி.மீ.க்கு மேல் அகலமானால் இன்னும் 1 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூடிய வளையலுக்கு நம் கடை அளவே கை கொடுக்கும். 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது உள்விட்டம் 57 மி.மீ. 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5. 2.6 அளவுக்கு 1 மி.மீ. தகட்டில் 192 அல்லது 193 மி.மீ. நீளப் பட்டை வெட்ட வேண்டும்.

வாய் திறந்த காப்பு இன்னும் சுலபம், பற்றவைப்பே கிடையாது. மணிக்கட்டுச் சுற்று 16 செ.மீ. என்றால் 14 செ.மீ. பட்டை. இரண்டு முனைகளையும் முதலில் வளைத்துவிட்டு நடுப்பகுதிக்கு வாருங்கள். நடுவை முதலில் வளைத்துவிட்டால் முனைகள் நேராகவே நின்றுவிடும், அப்புறம் பிடிக்க இடம் கிடைக்காது. வடிவம் வந்த பிறகு சூடு காட்டாதீர்கள். குழாயில் மாட்டிக் கொட்டாப்புளியால் சுற்றிலும் தட்டி இறுக்கிவிட்டால்தான் வளைவு நிற்கும்.

மேசைக்கு முதலில் எதைச் செய்யலாம்?

கோஸ்டர். 1 மி.மீ. செம்பில் 95 மி.மீ. வட்டம் எடுத்து, ஓரத்தை முடித்து, ஒருமுறை சூடு காட்டுங்கள். சுத்தியலின் உருண்டை முகத்தால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே தட்டிக்கொண்டு போங்கள். அடிபட்ட இடம் விரியும் என்பதை மறக்கக் கூடாது. நடுவில் மட்டும் தட்டினால் வட்டு குமிழும், ஓரத்தில் மட்டும் தட்டினால் அப்பளம் போல அலையலையாகும். ஒரே பலத்தில், இடைவெளி விடாமல் தட்டினால் அதிகம் கோணாது. பிறகு குழிக்கட்டையில் விளிம்பை 2, 3 மி.மீ. உயர்த்தி, நடுவை மரத்தின் மேல் தட்டிச் சமப்படுத்துங்கள். அடியில் கார்க் ஒட்டிவிட்டால் மேசையில் கீறல் விழாது.

நாப்கின் வளையத்துக்கு 30 மி.மீ. அகலம், 132 மி.மீ. நீளம். அடுத்து ஊதுபத்திச் செருகி, குங்குமக் கிண்ணம். கிண்ணம் என்றால் வட்டைக் குழிக்கட்டையில் வைத்து ஓரத்தில் தொடங்கி வட்ட வட்டமாக உள்ளே வாருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் சூடு, மறுபடி ஒரு சுற்று.

இரண்டு துண்டுகளைச் சேர்க்கப் பற்றவைப்பு தெரிந்தே ஆகணுமா?

இல்லை. ரிவெட் அடிக்கலாம். பழைய வயரிங்கில் வரும் ஒற்றைச் செம்புக் கம்பியே இதற்குப் போதும். கம்பியின் கனத்துக்குச் சரியாகத் துளை போட்டு, இரண்டு பக்கமும் கம்பி விட்டத்தில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, அடிக்கல்லில் நிறுத்தி மெதுவாகச் சுற்றித் தட்டினால் தலை பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், மாற்றி மாற்றித் தட்டுங்கள். செம்பின் மேல் பித்தளை, பித்தளையின் மேல் அலுமினியம் என்று நிறம் கலந்து சேர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

பற்றவைக்கத்தான் போகிறீர்கள் என்றால் வெள்ளிப் பொடியும் (உருகி இணைப்பை ஒட்டவைக்கும் வெள்ளிக் கலவை) வெங்காரமும் (போராக்ஸ்) வேண்டும். இணைப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தெரிந்தால் இன்னும் ராவ வேண்டும், இடைவெளியைப் பொடி நிரப்பாது. காட்மியம் கலந்த பொடியை வாங்கவே வாங்காதீர்கள். கேடிஎம் என்று நகைக்கடையில் கேள்விப்பட்டது இந்தக் காட்மியத்தைத்தான். 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் ஈயப் பற்றும் நகைக்கு ஆகாது, சாப்பாட்டு மேசைக்கு அறவே ஆகாது.

புடைப்பாக உருவம் எப்படி வரவைப்பது?

கான்கிரீட் ஆணியின் முனையை உருட்டி ராவிப் பளபளப்பாக்கினால் அதுவே உருவம் தட்டும் உளி. மெல்லிய தகடாக இருந்தால் ரப்பர் ஷீட்டின் மேல் வைத்துப் பின்புறமிருந்து தட்டலாம். ஆழமாக வேண்டும் என்றால் அரக்கில் பதிக்க வேண்டும். சூடாக்கினால் இளகும், ஆறினால் பிடிக்கும், அடியைக் கொஞ்சம் உள்வாங்கும் என்பதால்தான் அரக்கு. சாமி கவசம் செய்பவர்கள் இந்த முறையில்தான் வேலை பார்க்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்க் கலைத்தட்டில் மெல்லிய வெள்ளித் தகட்டில் எடுத்த உருவங்களைப் பித்தளைத் தட்டில் பதித்திருப்பார்கள். தஞ்சாவூர் போகிறவர்கள் ஒரு பட்டறையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரில் தட்டேராக்கள் என்னும் பாத்திரக் கைவினைஞர்கள் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தட்டி எடுக்கும் தொழில் 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தகட்டைத் தட்டுவது அப்படிப் போற்ற வேண்டிய வேலை.

செய்த கிண்ணத்தில் சாப்பிடலாமா?

முந்திரி, கற்கண்டு, உலர்ந்த பண்டம் வைக்கலாம். மோர், ஊறுகாய், புளி, எலுமிச்சை படுகிற எதுவும் வெறும் செம்பிலும் பித்தளையிலும் கூடாது. உலோகம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். அப்படி வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். அது வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் உலோகம். காரீயம் இல்லை, அது விஷம்.

தோல் பச்சையாகிறது. அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. வியர்வையும் செம்பும் சேர்ந்து உண்டாகும் பச்சை, சோப்புப் போட்டால் போய்விடும். உள்பக்கத்தில் தேன்மெழுகு தேய்த்துவிட்டால் குறையும். அரிப்பும் கொப்புளமும் வந்தால் நிக்கலைச் சந்தேகியுங்கள். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம் அது. காதுக் கொக்கியை மட்டுமாவது வெள்ளியில் போடுங்கள்.

கறுப்பு, பழுப்பு நிறம் எப்படிக் கொண்டுவருவது?

வேகவைத்த முட்டையை உடைத்து, பொருளோடு சேர்த்து டப்பாவில் மூடி வையுங்கள். முட்டையில் உள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கருக்கவைக்கும். முட்டை பொருளின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து, மேடுகளை மட்டும் 800 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கிச் சுத்தியல் தடம் எடுப்பாகத் தெரியும். மேலே மெழுகு.

பிள்ளைகள் செய்யலாமா?

0.2 மி.மீ. செம்பு அல்லது அலுமினியத் தகட்டில், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நியூஸ்பேப்பர் அடுக்கின் மேல் வைத்துப் படம் அழுத்தலாம். வெட்டுவதையும் ஓரம் மடிப்பதையும் பெரியவர்கள் செய்துகொடுங்கள்.

வீட்டில் கிடக்கிற பழைய பித்தளைத் தாம்பாளத்தை வெட்டிப் பயன்படுத்தலாமா?

ஓட்டை விழுந்தது, நசுங்கியது என்றால் தாராளமாக. பழைய பாத்திரத் தகடு பெரும்பாலும் நல்ல கனம். ஈயம் பூசியிருந்தால் சூடு காட்டுவதற்கு முன் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் அது பித்தளைக்குள் இறங்கித் தகட்டைக் கெடுக்கும். வார்ப்புப் பித்தளையாக இருந்தால் தட்டும்போது உடையலாம். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, சூடு காட்டி, இரண்டாக மடித்துப் பாருங்கள். வெடிக்காமல் மடிந்தால் அது தகட்டு வேலைக்கு ஆகும். பாட்டி பெயர் பொறித்த இடம் இருந்தால் அதை வெட்டாமல் தனியாக எடுத்து ஒரு பதக்கமாகச் செய்துவிடுங்கள்.